பெயர் கேட்காமல் திறக்கமாட்டார்

எங்கள் ஊர் செர்டாங்கில் கம்ப்யூட்டர் அக்காவைத் திமிர் பிடித்தவர் என்று சொல்ல இன்னும் ஆள் இருக்கிறது. கடையைக் காலி செய்துவிட்டு அவர் ஜொகூரில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. பேச்சு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. காரணம் கேட்டால் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: கேட்டதைச் செய்து தரமாட்டாள்.

உண்மைதான். செய்து தரமாட்டார். அதற்காகத்தான் அவரை நான் மதிக்கிறேன். பின்னால் பேசுகிறவர்களில் பாதிப்பேர் என் பள்ளி வேனில் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள். அவர்களும் இதைப் படிக்கட்டும்.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பாசாருக்குப் பின்சந்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பெயர்ப்பலகை கிடையாது. வீட்டுக்கு வரச்சொன்னால் மோட்டார் சைக்கிளில் வருவார், எதிர்காற்றைத் தடுக்கச் சட்டைக்கு மேல் ஜிப் வைத்த இன்னொரு சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு. வீட்டுக்குள் வந்த பிறகும் அதைக் கழற்றமாட்டார். முதுகுப்பக்கம் ஜிப் திறந்து தொங்கும். கையில் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் ஸ்குரு டிரைவர், வயர் முனைகள், மடித்த காகிதம், பென்சில். பாலும் சீனியும் போடாத தே ஓ கோசோங் டீ மட்டும் குடிப்பார். சீனி போட்டுக் கொடுத்தால் அப்படியே வைத்துவிடுவார். சிரித்துப் பேசி வேலை பார்க்கிற ஆள் இல்லை.

பள்ளிக்கூடங்களை மூடிவைத்திருந்த காலத்தில்தான் அவர் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தார். தம்பியின் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பாடத்தாள்கள் அப்பாவின் கணினிக்கு வரும். அது கூடத்தில் இருந்தது. பிரிண்டர் மாடியில் என் லேப்டாப்போடு. கீழே இருக்கிற ஃபோல்டரை மாடியில் திறந்தால், இதைத் திறக்க உனக்கு அனுமதி இல்லை, நிர்வாகியைக் கேள் என்று திரை சொல்லும். இரண்டு நாள் போராடினேன். கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். வைஃபை பெட்டியைத் தட்டினேன்.

“எவன்டா இந்த நிர்வாகி? என் வூட்டுல என்னைத் தவிர எவன்டா நிர்வாகி?” என்று கத்தினேன்.

அப்பா நாளிதழை இறக்காமலே, “வூடு என் பேருல இருக்குது” என்றார்.

அக்கா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கணினியைத் தொடவில்லை. காகிதத்தை விரித்தார்.

“வூட்டுல எத்தன பேரு?”

“அதெல்லாம் எதுக்குக்கா?” என்றான் தம்பி. “எல்லாருக்கும்னு ஒரு இடம் இருக்குதுல்ல, அதுல ஒரு டிக் போட்டு வுட்டுடுங்கலா. வீடியோல பாத்தேன். சூசாவே இல்ல, சுலபம்தான்.”

“எல்லாரும்னா யாரு?”

“எல்லாரும்னா எல்லாரும்தான்.”

“பக்கத்து வூட்டுக்காரருமா? அவரும் ஒங்க வைஃபைலதானே படம் பாக்குறாரு. அவரு பேரு அந்தத் திரைலயே தெரியுது பாரு.”

தம்பி தரையைப் பார்த்தான். பாஸ்வேர்டைக் கொடுத்தது அவன்தான். அதுவரை எங்களுக்குத் தெரியாது.

அக்கா காகிதத்தில் எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று கட்டம்: பார்க்கலாம், மாற்றலாம், வேண்டாம். என் பெயருக்கு வந்ததும் பென்சிலை நிறுத்தி அப்பாவைப் பார்த்தார்.

“நான் மூத்தவன்கா. மாத்தலாம்னு போடுங்க.”

“ஐயாவோட கம்ப்யூட்டரு. ஐயா சொல்லணும்.”

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் சாமான் கணக்கு எழுதும் ஸ்டோர் கிராணியாக இருந்த மனுஷன். ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. “அவனுக்குப் பாக்கலாம் போதும்மா. கைய வச்சான்னா உருப்படாது” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் பிஸ்கட் டின்னை எடுத்து வெளியே எறிந்திருப்பேன். பிள்ளைகளின் பாடத்தாள் நினைவுக்கு வந்ததால் விட்டேன்.

அதற்குப் பிறகுதான் கணினியைத் தொட்டார். பத்து நிமிட வேலை. நான் எங்கே தப்பு செய்தேன் என்றும் சொன்னார். “ரெண்டு கதவு இருக்குது. ஒண்ணு வெளி கேட்டு. இன்னொண்ணு வூட்டுக் கதவு. நீ கேட்ட தொறந்து வச்சிட்டு, கதவப் பூட்டிருக்க. நெட்வொர்க்குல வர்றவன் ரெண்டையும் தாண்டணும். ரெண்டுல எது கறாரா இருக்குதோ அதுதான் நிக்கும்.” அவ்வளவுதான். இத்தனை எளிதாக அதை எனக்கு யாரும் சொன்னதில்லை. பாஸ்வேர்டு தட்டச்சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பி மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஒரு விரலால் தட்டுகிறவர். மூன்று தரம் தப்பாகப் போட்டார். மூன்று தரமும் அக்கா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அப்பா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு ஃபோல்டரைக் காட்டினார். அதில் அம்மாவின் காகிதங்கள் இருந்தன.

என் அம்மா இந்த நாட்டில் பிறந்தவர். ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்தார். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. அதனால் அறுபது வயது தாண்டியும் அவர் கையில் இருந்தது சிவப்பு ஐசி, சிவப்பு அடையாள அட்டைதான். குடியுரிமை கிடையாது. ஓட்டு கிடையாது. பெற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் குடிமக்களுக்கான நீல அட்டை, பெற்றவளுக்குச் சிவப்பு. அப்பா வருடக்கணக்காக அலைந்து சேர்த்திருந்தார்: பிரசவம் பார்த்த ஆயாவின் வாக்குமூலம், தோட்டத்துப் பள்ளிக்கூடப் பதிவேட்டின் நகல், தோட்டத்து ஆஸ்பத்திரி அட்டை, பக்கத்து லயத்துக் கிழவர் சத்தியம் செய்து கொடுத்த கடிதம். எல்லாவற்றுக்கும் முத்திரை வாங்கி, ஸ்கேன் செய்து அங்கே வைத்திருந்தார். அசலை வைத்திருந்த பெட்டி ஒரு வெள்ளத்தில் கூழாகிப் போனது. ஆயாவும் செத்துவிட்டார். கிழவரும் செத்துவிட்டார். தோட்டத்தை வெட்டித் தாமான் வீடுகள் கட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது அந்த ஃபோல்டர் ஒன்றுதான்.

“இத யாரும் தொடக்கூடாதும்மா. பிள்ளைங்க அழிச்சிரும். நான் மட்டும் தொறக்கறாப்புல செஞ்சு குடு.”

“இன்னொரு பேரு போடுங்க ஐயா. ஒங்களுக்கு ஒண்ணுன்னா யாரு தொறக்குறது?”

“எனக்கு என்ன ஆவப்போவுது?”

அக்கா பென்சிலை டின்னுக்குள் போட்டார். பிறகு அப்பா கேட்டபடி செய்துவிட்டுப் போனார்.

அவரைத் திட்டுகிறவர்களில் முதல் ஆள் நான் காலையில் ரொட்டி சானாய் சாப்பிடும் கடைக்காரர். நல்ல மனுஷர்தான். அவர் வீட்டில் நடந்ததை அவரே என்னிடம் சொன்னார், ஏதோ அக்கா பெரிய குற்றம் செய்த மாதிரி. அவர் மகள் படித்து முடித்து வீட்டில் இருந்த நேரம். மகள் லேப்டாப்பில் இருப்பது அவர் கணினியில் தெரிய வேண்டும், அவளுக்குத் தெரியாமல் தெரிய வேண்டும். அக்காவைக் கூப்பிட்டு, ஃபோல்டர் திறக்க மறுக்கிறது, பழுது என்று சொல்லியிருக்கிறார்.

“என்னா சொன்னுச்சு தெரியுமா தம்பி? இது பழுதில்ல பாய், ஒங்க மவ பேருல இருக்குது, மவளக் கூப்புடுங்கன்னுச்சு. நான் அத்தாம்மா, எனக்கு இல்லாத உரிமையான்னேன். சட்டுனு அந்தப் புள்ளயக் கூப்புட்டு, என்னைய வச்சிக்கிட்டே கேக்குது: ஒங்க அத்தா பாக்கணுங்குறாரு, எதக் குடுக்கலாம்?”

“மவ என்ன சொல்லுச்சு?”

“ரிசல்ட்டு இருக்குற ஃபோல்டரு மட்டும் குடுங்க, மத்தது வேணாம்னுச்சு. எப்படி இருக்கும் எனக்கு? என் வூட்டுல, என் நாற்காலில உக்காந்துக்கிட்டு!”

“அப்புறம்?”

“அப்புறம் என்னா? ரிசல்ட்ட பாத்தேன். நல்லாத்தான் வாங்கிருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அதன்பிறகு கடைக் கணினி கெட்டால்கூட அக்காவைக் கூப்பிடவில்லை. கூலிமிலிருந்து ஆள் வரவழைத்தார்.

இதைக் கேட்டபோது எனக்கும் அக்காவின் மேல் ஒரு மாதிரிதான் இருந்தது. வேலைக்கு வந்தவள் வேலையைப் பார்த்துவிட்டுப் போனால் என்ன என்று நினைத்தேன். அதை ஒளிக்கவில்லை.

அப்பா போனார். மார்வலி என்றார், வண்டியில் ஏற்றும் முன்னே முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அம்மா கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். கணினியை யாராவது போட்டால் அப்பாவின் பெயரும் படமும் முதலில் வரும். கேட்டது அம்மாதான். “அவரு பேரு அதுல வந்துக்கிட்டே இருக்குது. எனக்கு ஒரு மாதிரி இருக்குதுடா. அனுப்பிச்சி வச்சாச்சுல்ல, எடுத்துருங்க.” சட்டை வேட்டியை எடுத்துக் கொடுத்தாயிற்று, கட்டிலை மாற்றிப் போட்டாயிற்று, அதே கணக்கில் தம்பி கணினியிலிருந்தும் அப்பாவின் பெயரை எடுத்துவிட்டான். ஃபோல்டர் போகவில்லை, அங்கேயே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தான். எங்களுக்கு அதில் தப்பே தெரியவில்லை.

நாலு மாதம் கழித்து அலோர் ஸ்டார் பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அப்பா முன்பே போட்டிருந்த அம்மாவின் குடியுரிமை விண்ணப்பத்துக்கு நேர்காணல். வியாழக்கிழமை காலை, எல்லா ஆதாரமும் கொண்டுவர வேண்டும். கடிதம் கைக்கு வந்தது திங்கள்கிழமை.

தம்பி அப்பாவின் ஃபோல்டரைச் சொடுக்கினான். அனுமதி இல்லை. நான் மாடியிலிருந்து சொடுக்கினேன். அனுமதி இல்லை. தம்பி ஒரு யோசனை செய்தான். அப்பாவின் பெயரிலேயே மறுபடி ஒரு கணக்கைத் திறந்தான். அதே எழுத்து, அப்பா குறித்து வைத்திருந்த அதே பாஸ்வேர்டு, அதே படம். அம்மா திரையில் அந்த முகத்தைப் பார்த்ததும் சமையலறைக்குள் போய்விட்டார். அதில் நுழைந்து சொடுக்கினான், நானும் மாடி லேப்டாப்பில் அப்பா பெயரைக் கொடுத்துச் சொடுக்கினேன்.

அனுமதி இல்லை.

நான் அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். “நீங்க போட்ட பூட்டுதானே இது! எங்கம்மா காகிதத்த எங்கம்மாவே பாக்க முடியல! ஒங்க கொள்கைய ஒங்க வூட்டுல வச்சிக்கிங்க!” இன்னும் மோசமாகவும் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

அவர் முழுவதையும் கேட்டார். “ஆமா. நான் போட்டதுதான். கம்ப்யூட்டர யாரும் தொட வேணாம். வர்றேன்” என்றார்.

இருபது நிமிடத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. முன்பின் சட்டை, பிஸ்கட் டின். ஃபோல்டரின் உடைமையாளர் யார் என்று காட்டும் இடத்தைத் திறந்தார். அங்கே பெயர் இல்லை. நீளமாக ஒரு எண் இருந்தது, ஒரு வரி முழுவதும்.

“இந்த நம்பருதான் நம்ம ஐயா” என்றார் அக்கா. “ஐயா பேர நீங்க எடுத்துட்டீங்க. நம்பரு மட்டும் நிக்கிது.”

“அதான் மறுபடி பேரு போட்டேனேக்கா” என்றான் தம்பி. “அதே பேரு.”

“பேரு ஒண்ணா இருந்தா ஆளு ஒண்ணா? மெஷினு பேர பாக்காது. உள்ள இருக்குற நம்பரத்தான் பாக்கும். நீ இன்னிக்குப் பொறந்த ஆளுக்கு ஐயா பேர வச்சிருக்க.”

“அப்ப போச்சா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

“போவல. பூட்டுதான் இருக்குது, உள்ள பத்திரமா இருக்கும். இந்த மெஷினுக்கு நிர்வாகியா யாரு இருக்காங்களோ, அவங்க மூலமா உடைமைய மாத்தலாம்.” பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு ரெண்டாவது பேரு எழுதாம நான் எழுந்திரிச்சிருக்கக்கூடாது. ஐயா வேணாம்னாரு, சரின்னு வுட்டுட்டேன். அது என் தப்பு.”

இத்தனை வருடம் வண்டி ஓட்டுகிறேன். எத்தனையோ மெக்கானிக்கைப் பார்த்திருக்கிறேன். என் தப்பு என்று சொன்ன ஒருத்தனை இன்றுவரை பார்த்ததில்லை.

“சரி. யாரு பேருக்கு மாத்துறது?” என்றார்.

“எனக்கு” என்றேன்.

“என் பேருல போடுங்க. நான்தான் வூட்டுல இருக்கேன்” என்றான் தம்பி.

“நீ இருந்து கிழிச்சது போதும். அழிச்சதே நீதானே?”

“அண்ணே, ஒனக்கு அப்பா பாக்கலாம்னுதான் போட்டாரு. மாத்தலாம்னு போடல. ஞாபகம் இருக்குதா?”

கை ஓங்கிவிட்டேன். அக்கா எங்கள் இருவரையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். “அம்மா! கொஞ்சம் வாங்க. இது யாரோட காகிதம்?”

அம்மா ஈரக்கையோடு வந்து நின்றார். “என்னுதுதாம்மா.”

“அப்ப ஒங்க பேருல போடவா?”

“எனக்கெதுக்கும்மா கம்ப்யூட்டருல பேரு? எனக்கு அதத் தொடவே தெரியாது.”

“தொடத் தெரியலன்னா கத்துக்கலாம். ஒங்களுது ஒங்க பேருல இருக்கட்டும். எடுக்கட்டுமா? நீங்க சரின்னாதான் எடுப்பேன்.”

அம்மா எங்களைப் பார்க்கவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, “எடும்மா” என்றார்.

அக்கா அம்மாவின் பெயரில் கணக்குத் திறந்தார். ரகசிய எண் போட வேண்டிய இடம் வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் வாசலுக்குப் போகச் சொன்னார். சொந்த வீட்டில் எங்களைத் துரத்தினார். கம்பிக் கேட்டுப் பக்கம் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தேன். அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணாகத் தேடி அழுத்திக்கொண்டிருந்தார். அக்கா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்தபோது திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஓடி முடிந்ததும் உடைமையாளர் என்ற இடத்தில் அந்த நீள எண் இல்லை. அம்மாவின் பெயர் இருந்தது. தகப்பன் பெயரோடு முழுப்பெயர். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவர் அம்மா. அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்தார். இரண்டு தரம்.

“இப்ப ரெண்டாவது பேரு” என்றார் அக்கா. “இது இல்லாம இன்னிக்கு எழுந்திரிக்கமாட்டேன்.”

“மருமக பேரப் போடும்மா” என்றார் அம்மா, தம்பி மனைவியைச் சொல்லி, யோசிக்காமல். “இவனுங்க ரெண்டு பேரும் ஆவமாட்டானுங்க.”

பிரிண்டர் என் லேப்டாப்போடு இருந்ததே. மாடிக்குப் போய்த் திறந்தேன். அம்மாவின் எண்ணைப் போடச்சொல்லிக் கேட்கக்கூட இல்லை, மறுபடி அனுமதி இல்லை என்றது. நான் மேசையில் அறைந்த சத்தம் கேட்டு அக்கா மேலே வந்தார்.

“அடிக்காத. இந்த லேப்டாப்பு இன்னும் ஐயா பேரச் சொல்லித்தான் கதவத் தட்டுது. பழைய பேர மனசுல வச்சிருக்குது.”

சேமித்து வைத்திருந்த அந்தப் பெயரை எங்கேயோ உள்ளே போய் எடுத்தார். அடுத்த தரம் யார் நீ என்று கேட்டது. அம்மா மாடியேறி வந்து தன் எண்ணை அழுத்தினார். ஃபோல்டர் திறந்தது. ஆயாவின் வாக்குமூலம், பதிவேடு, ஆஸ்பத்திரி அட்டை, கிழவரின் கடிதம், எல்லாம் அப்படியே இருந்தன. கதவு திறந்ததும் அக்கா பிஸ்கட் டின்னை மூடிக்கொண்டு படியிறங்கிவிட்டார். ஒரு காகிதத்தைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. போனில் நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“பிரிண்டர்ல மை இருக்குதா பாரு மொதல்ல” என்றார்.

வியாழக்கிழமை காலை அம்மாவை அலோர் ஸ்டாருக்கு வேனில் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகளை ஏற்றும் வேலையைத் தம்பியின் சிநேகிதன் பார்த்துக்கொண்டான். அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண். ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ஆயாவின் வாக்குமூலத்தைக் கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்துப் படித்தார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பதில் வரும், காத்திருங்கள் என்றார்.

ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். கிடைத்தது.

நீல அட்டையை வாங்கிய அன்று அம்மா நேராக வீட்டுக்குப் போகவேண்டாம் என்றார். “அந்தப் பொண்ணுக்கிட்ட காட்டிட்டுப் போவோம்.” செர்டாங் வந்து சேரும்போது மத்தியானம். அக்கா கடையில் ஒரு கணினியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். அக்கா கையைத் துணியில் துடைத்துவிட்டு, அட்டையை ஓரமாகப் பிடித்து வாங்கினார். முதன்முதலாக அவர் சிரித்துப் பார்த்தேன். முன்பல் ஒன்று லேசாக உடைந்திருந்தது. அதுநாள் வரை எனக்குத் தெரியாது.

“நல்லா இருக்குதும்மா” என்று சொல்லி உடனே திருப்பிக் கொடுத்தார். “உள்ள வைங்க. யாருக்கும் போட்டோ புடிச்சு அனுப்பாதீங்க. இதுல நம்பரு, விலாசம் எல்லாம் இருக்குது.”

நான் போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

“அனுப்பிட்டியா?”

“குடும்ப குரூப்புல மட்டும்தான்கா.”

“எத்தன பேரு அதுல?”

“எண்பது... எண்பத்தி நாலு.”

“பேரச் சொல்லு பாப்போம். எண்பத்தி நாலு பேரையும்.”

எனக்கு இருபதுக்கு மேல் வரவில்லை. பினாங்குச் சித்தப்பாவின் மருமகனுக்குத் தம்பி என்று ஒருவன் இருக்கிறான், அவன் பெயர் இன்றும் எனக்குத் தெரியாது. அக்கா ஸ்குரு டிரைவரை நீட்டிக்கொண்டு, “எடு போன. எல்லாருக்கும் அழி. நான் பாக்கணும்” என்றார். நாற்பது வயதுக்காரன் நான், கடை வாசலில் நின்று அழித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போன் துடிக்க ஆரம்பித்துவிட்டது. என்ன அழிச்சே? என்ன அது? யாருக்கு என்ன ஆச்சு?

அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார். எந்த இடத்தை அழுத்திப் பேச வேண்டும் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிவிட்டுப் பேசினார்.

“ஒண்ணும் ஆவல. என் ஐசி வந்துருக்குது. நீலம். பாக்கணும்னா வூட்டுக்கு வாங்க. நான் காட்டுறேன்.”